சுவர்க்கோழியின் பாட்டும் காதும் ஒட்டுண்ணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. அரோவானா மீனுக்குத் தீனியாகச் சுவர்க்கோழி வாங்கப்போய், அப்புறம் மீனைவிடத் தீனியின் மேல் ஆர்வம் கூடிப்போன ஆள். சிங்கப்பூரில் என் வீட்டில் ஒரு பெட்டி நிறைய வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு அங்கிள், மீன் வளர்க்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில்.

ராத்திரியில் புளோக்குக்குக் கீழே கத்துவது இதுதானா, சில்வண்டு இல்லையா?

புல்தரையிலிருந்தோ கால்வாய் ஓரத்திலிருந்தோ விட்டுவிட்டு "கிர்ரீ, கிர்ரீ" என்று வந்தால் பெரும்பாலும் சுவர்க்கோழிதான். புக்கிட் தீமா பக்கம் பொழுது சாயும் நேரத்தில் மரத்தின் மேலிருந்து காதைக் கிழிக்கும் சத்தம் வருமே, அது சில்வண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம். சில்வண்டு வயிற்றுப் பக்கம் இருக்கும் ஒரு சவ்வை அதிரவைத்துச் சத்தம் போடுகிறது, சுவர்க்கோழிக்கு இறக்கைதான் வாத்தியம். மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும் பிள்ளைப்பூச்சி சுவர்க்கோழிக்குக் கிட்டத்துச் சொந்தம். அதிலும் ஆண் பாடும். சில இனங்கள் வளையையே ஒலிபெருக்கியாக வெட்டி வைத்துக்கொள்கின்றன.

இங்கே கடைகளில் "கிரிக்கெட்" என்று கேட்டால் பொதுவாகக் கிடைப்பது கிரிலஸ் பைமாக்குலேட்டஸ் என்ற கறுப்பு இனம். இறக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் பொட்டு இருக்கும், வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் ஆராயப்பட்டதும் இந்த இனம்தான், அதனால் கீழே சொல்லும் பல விஷயங்கள் உங்கள் பெட்டியில் இருப்பதற்கே பொருந்தும்.

ஆண் மட்டும்தான் பாடுமா? எது ஆண், எது பெண்?

ஆண் மட்டும்தான். பின்னாலிருந்து பாருங்கள்: வால் மாதிரி இரண்டு நீட்டினால் ஆண், நடுவில் மூன்றாவதாக ஒரு நீளமான ஊசி இருந்தால் பெண். அந்த ஊசியை ஈரமண்ணில் குத்தித்தான் முட்டையை இறக்கும்.

பாடும்போது ஆண் முன்னிறக்கைகளை லேசாகத் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றை உரசும். வலது இறக்கையின் அடியில் வரிசையாகச் சின்னப் பற்கள் உள்ள ஒரு நரம்பு, இடது இறக்கையின் விளிம்பில் ஒரு தடித்த ஓரம். கிட்டத்தட்ட எப்போதும் வலது இறக்கைதான் மேலே இருக்கும். இறக்கை மூடும்போது மட்டும் சத்தம் வரும், திறக்கும்போது வராது. பாட்டிலும் மூன்று வகை உண்டு: தூரத்துப் பெண்ணை அழைப்பதற்கு ஒன்று, பெண் பக்கத்தில் வந்ததும் மெதுவாக ஒன்று, இன்னோர் ஆணோடு சண்டைக்கு ஒன்று. ஒரு வாரம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். வீட்டிலிருப்பவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்து, பெட்டியை வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

கிட்டே போனால் நிறுத்திவிடுகிறது, எங்கே இருக்கிறதென்றும் தெரியவில்லை. ஏன்?

நிறுத்துவதற்குக் காரணம், உங்கள் காலடி அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தரை அதிர்வை உணர முழங்காலுக்குக் கீழே ஓர் உறுப்பு இருக்கிறது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வால்களிலும் மெல்லிய முடிகள் இருக்கின்றன, காற்று கொஞ்சம் அசைந்தாலே போதும்.

இடம் தெரியாததற்குக் குறை நம் காதில். இந்தப் பாட்டு ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸில், கிட்டத்தட்ட ஒரே சுருதியில் வருகிறது. ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நாம் இரண்டு விதமாகக் கணிக்கிறோம்: இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம், சத்தத்தின் அளவு வித்தியாசம். முன்னது தாழ்ந்த சுருதிக்கு நன்றாக வேலை செய்யும், பின்னது உயர்ந்த சுருதிக்கு. இந்தப் பூச்சி இரண்டுக்கும் இடைப்பட்ட, நம் காது தடுமாறுகிற பகுதியை ஒட்டிப் பாடுகிறது. நமக்குப் பிடிபடாததை ஓர் ஈ எப்படிப் பிடிக்கிறது என்பது பின்னால் வருகிறது, அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

அதற்குக் காது எங்கே இருக்கிறது?

முன்னங்காலில். கைப்பேசியின் நெருக்கப் படமெடுக்கும் வசதியைப் போட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே பின்பக்கம் பாருங்கள், வெள்ளிநிறத்தில் நீள்வட்டமாக ஒரு சின்னத் தகடு மின்னும். அதுதான் செவிப்பறை. முன்பக்கத்திலும் ஒன்று உண்டு, ஆனால் சிறியது.

வேடிக்கை என்னவென்றால் சத்தம் அந்தப் பறைக்கு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. காலுக்குள் ஓடும் மூச்சுக்குழாய் மார்பின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு துளை வரை போகிறது, இடது வலது குழாய்கள் நடுவில் சந்திக்கவும் செய்கின்றன. ஆக ஒரே சத்தம் பறையின் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் வெவ்வேறு வழியாக வந்து தொடுகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பறை அதிர்கிறது. சத்தம் வரும் திசை மாறினால் அந்த வித்தியாசமும் மாறும். உடம்பு ரொம்பச் சின்னது என்பதால் இரண்டு காதையும் ஒப்பிட்டு மட்டும் திசை கண்டுபிடிக்க முடியாது, அந்தப் பிரச்சினையை இப்படிச் சமாளித்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு காதில் இருப்பது 60, 70 நரம்பணுக்கள் மட்டுமே.

அவ்வளவு சத்தமாகப் பாடினால் தன் காதே செவிடாகிவிடாதா?

நல்ல கேள்வி. பாடும் பூச்சிக்குப் பக்கத்திலேயே அளந்தால் சத்தம் 100 டெசிபல் வரை போகும், காதோ இறக்கையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளித்தான். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் புலேயும் பெர்த்தோல்ட் ஹெட்விக்கும் 2006இல் இதற்கு விடை கண்டுபிடித்தார்கள்: இறக்கையை மூடச் சொல்லி உத்தரவு போகிற அதே நொடியில், "இப்போது நம் சத்தம்தான் வரப்போகிறது, கண்டுகொள்ளாதே" என்று செவி நரம்புகளுக்கு இன்னொரு செய்தி போகிறது. அந்தச் செய்தியைக் கொண்டு போவது ஒரே ஒரு நரம்பணு. இரண்டு ஒலிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் காது பழையபடி திறந்துகொள்ளும், அதனால் பாடிக்கொண்டே மற்றவர்கள் பாடுவதையும் கேட்க முடிகிறது.

பெண் பாட்டை மட்டும் கேட்டுத்தான் வருகிறதா, வாசனை இல்லையா?

கிட்டே வந்தபின் வாசனைக்கும் தொடுதலுக்கும் வேலை உண்டு. தூரத்திலிருந்து அழைத்து வருவது பாட்டுதான். யோகான் ரேகன் என்ற ஸ்லொவேனிய அறிஞர் 1913இலேயே இதைக் காட்டிவிட்டார்: ஆண் பாடுவதைத் தொலைபேசி வழியாகப் பெண்ணுக்குக் கேட்கவைத்தார், அது நேராகத் தொலைபேசியில் சத்தம் வரும் குமிழை நோக்கி நடந்து போனது. ஆண் இருந்ததோ வேறிடத்தில்.

பெண் கவனிப்பது ராகத்தை அல்ல, தாளத்தை. ஓர் ஒலித்துடிப்பு, சிறு இடைவெளி, மறுபடி துடிப்பு. மூளைக்குள் முதல் துடிப்பின் செய்தி இரண்டு வழியாகப் பிரிகிறது, ஒரு வழி நேரே போகும், மற்றது வேண்டுமென்றே தாமதமாகப் போகும். இடைவெளி சரியாக இருந்தால் முதல் துடிப்பின் தாமதச் செய்தியும் இரண்டாவது துடிப்பின் நேரடிச் செய்தியும் ஒரே நேரத்தில் ஒரே அணுவை வந்து தட்டும், அப்போதுதான் அது "நம்ம ஆள்" என்று சொல்லும். இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ சேராது. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வின்படி இதற்குத் தேவைப்படுவது ஐந்தே ஐந்து நரம்பணுக்கள்.

பாட்டுச் சத்தத்தை எண்ணி வெப்பநிலை சொல்லலாமாமே?

சொல்லலாம், 1897இல் டோல்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதற்குக் கணக்கே எழுதினார். சூடு கூடினால் தாளம் வேகமாகும். ஆனால் அந்தக் கணக்கு அங்குள்ள ஒரு மரச் சுவர்க்கோழிக்குத்தான் நன்றாகப் பொருந்தும், நம் ஊரில் இரவும் பகலும் ஒரே புழுக்கம், எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள்.

பாடுவதால் அதற்கு ஆபத்து எதுவும் உண்டா?

பாட்டைக் கேட்டுப் பெண்ணும் வரும், எமனும் வரும்.

அமெரிக்காவில் ஆர்மியா ஒக்ரேசியா என்று ஓர் ஈ இருக்கிறது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், ராத்திரியில் பறக்கும். 1975இல் வில்லியம் கேட் என்பவர் ஒலிபெருக்கியில் சுவர்க்கோழிப் பாட்டை ஓடவிட்டு, இந்த ஈ அதைத் தேடி வருவதைக் காட்டினார். வரும் பெண் ஈ, பாடகன் மேலும் சுற்றியும் உயிருள்ள சின்னப் புழுக்களைப் போடும். புழு தோலைத் துளைத்து உள்ளே போய், உள்ளிருந்தபடியே தின்று வளரும். ஒரு வாரம், பத்து நாளில் வெளியே வரும், அதோடு சுவர்க்கோழியின் கதை முடிந்தது. அதே இடங்களில் கேட் இன்னொன்றையும் கவனித்தார்: சில ஆண்கள் பாடாமல், பாடும் ஆணுக்குப் பக்கத்தில் சும்மா காத்திருந்து, அவன் பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை வழியிலேயே மடக்கப் பார்க்கின்றன. சோம்பேறித்தனம் என்று தோன்றலாம், ஈயை நினைத்தால் அது கெட்டிக்காரத்தனம்.

இப்போது அந்த ஈயின் காது. தலைக்குப் பின்னால், மார்பின் முன்பக்கத்தில் இருக்கிறது, இரண்டு காதுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான். ஒரு சத்தம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒன்றரை மைக்ரோ வினாடி, அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. எந்த நரம்பாலும் இதை நேரடியாகப் பிரித்தறிய முடியாது. ஈ செய்தது என்னவென்றால் இரண்டு செவிப்பறையையும் நடுவில் ஒரு விறைப்பான பாலத்தால் இணைத்துவிட்டது. நம் புளோக் விளையாட்டிடத்தில் இருக்கும் சீசா பலகை மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும், சத்தம் முதலில் வந்து தொடும் பக்கம் கூடுதலாக அசையும், அந்தச் சிறு வித்தியாசம் பல மடங்கு பெரிதாகி நரம்புக்குப் போய்ச் சேரும். 2001இல் ஆண்ட்ரூ மேசன் குழு ஈயை ஓர் உருளும் பந்தின் மேல் நடக்கவிட்டு அளந்தது: இரண்டு பாகை வித்தியாசத்தைக்கூட அது கண்டுகொள்கிறது. மனிதக் காதின் துல்லியத்துக்குச் சமம், நம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு முழுத் தலை இருந்தும்! சின்ன ஒலிவாங்கிகள், காதுகேட்புக் கருவிகள் செய்பவர்கள் இந்த ஈயைப் படிப்பது இதனால்தான்.

ஈ தொல்லை தாங்காமல் பாடுவதையே நிறுத்திய சுவர்க்கோழி உண்டா?

உண்டு, ஹவாயில். பசிபிக் பக்கத்துச் சுவர்க்கோழியான டெலியோகிரிலஸ் ஓஷியானிகஸும் அமெரிக்க ஈயும் அந்தத் தீவுகளில்தான் சந்தித்துக்கொண்டன. காவாய் தீவில் மார்லின் ஸக் குழுவினர் வருஷாவருஷம் எண்ணும்போது பாட்டு குறைந்துகொண்டே வந்தது, 2003இல் போனால் கிட்டத்தட்ட அமைதி. பூச்சி அழிந்துவிட்டது என்று நினைத்து விளக்கடித்துப் பார்த்தால் நிறைய இருந்தன. ஆண்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இறக்கையில் உரசும் அமைப்பே இல்லாதவை. ஏறக்குறைய 20 தலைமுறைக்குள், ஒரு மரபணு மாற்றத்தால் நடந்த காரியம்.

பாடாவிட்டால் பெண் எப்படிக் கிடைக்கும்? பாடத் தெரிந்த மிச்சம் சிலருக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்கின்றன, மேலே சொன்ன கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் அந்த ஊமை ஆண்கள் இன்னும் இறக்கையைத் தூக்கிப் பாடும் அசைவைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன, சத்தம் மட்டும் வருவதில்லை. இறக்கை மாறிவிட்டது, நரம்புக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஈ சிங்கப்பூரில் இருக்கிறதா?

இல்லை. அது அமெரிக்கக் கண்டத்து ஈ, ஹவாய்க்கும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கத்துச் சுவர்க்கோழிகளுக்கு வேறு எதிரிகள் இருக்கிறார்கள். லிரிஸ் வகைக் குளவிகள் சுவர்க்கோழியை நரம்பு மையம் பார்த்துக் கொட்டிச் செயலிழக்கவைத்து, இழுத்துப்போய்த் தன் முட்டையை அதன்மேல் வைக்கும். வௌவாலும் உண்டு.

வௌவால் சத்தம் அதற்குக் கேட்குமா?

நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும். பறந்துகொண்டிருக்கும் சுவர்க்கோழியிடம் உயர்ந்த சுருதி ஒலியைப் போட்டால் உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். 1996இல் செய்த ஆய்வில், சுமார் 16 கிலோஹெர்ட்ஸை ஒரு கோடாக அது வைத்திருப்பது தெரிந்தது: கோட்டுக்குக் கீழே என்றால் துணை, நெருங்கு, மேலே என்றால் வௌவால், ஓடு. நடுவில் "ஒருவேளை" என்பதே கிடையாது.

செத்த சுவர்க்கோழிக்குள்ளிருந்து கம்பி மாதிரி நீளப் புழு வந்தது. நமக்கு ஒட்டுமா?

ஒட்டாது, பயப்படாதீர்கள். அது குதிரைமுடிப் புழு. தண்ணீரில் முட்டையிடும், புழுக்குஞ்சு நீர்ப்பூச்சிகளுக்குள் புகுந்து காத்திருக்கும், அந்தப் பூச்சி வளர்ந்து கரையேறி இறந்தால் சுவர்க்கோழி அதைத் தின்னும். அப்புறம் உள்ளே சுருண்டு சுருண்டு வளர்ந்து, உடம்பு முழுவதையும் நிரப்பிவிடும். முட்டையிடத் திரும்பத் தண்ணீர் வேண்டும் அல்லவா? சுவர்க்கோழியையே தண்ணீரில் குதிக்கவைக்கும். 2002இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெற்கு பிரான்சில் காட்டோரத்து நீச்சல் குளம் ஒன்றில் இதைப் பார்த்து எழுதினார்கள். நீந்தத் தெரியாத பூச்சி தானாக வந்து விழுகிறது, புழு வெளியே நெளிந்து வந்து நீந்திப் போகிறது. புழு போனபின் சில பூச்சிகள் பிழைத்துக்கொள்வதும் உண்டு. ஜப்பானில் ஓர் ஓடையில் கணக்கிட்டபோது, இப்படி விழுந்த பூச்சிகள்தான் அங்குள்ள மீன்களுக்கு ஓராண்டில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 60 விழுக்காடு.

வோல்பாக்கியா என்பது கொசு விவகாரம்தானே, சுவர்க்கோழிக்கும் உண்டா?

உண்டு. டெங்கியைக் கட்டுப்படுத்தத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் பிரேடல் ஹைட்ஸ், நீ சூன் ஈஸ்ட், தெம்பனிஸ் வெஸ்ட் வட்டாரங்களில் ஆண் கொசுக்களை விடத் தொடங்கியதால் நமக்கு இந்தப் பெயர் பழகிவிட்டது. உண்மையில் பூச்சி உலகத்தில் மிகப் பரவலான பாக்டீரியாக்களில் இது ஒன்று. முதலில் 1924இல் கொசுவில் பார்த்தார்கள், பின்னர் வட அமெரிக்காவின் கிரிலஸ் சுவர்க்கோழிகளிலும் தைவான் பெயர் தாங்கிய டெலியோகிரிலஸ் டைவானெம்மாவிலும் கண்டார்கள்.

இது உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும், தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்பனால் அதற்குப் பிரயோஜனமில்லை, அதனால் அப்பனை ஆயுதமாக்குகிறது. பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண்ணிடமும் இருந்தால் பொரிக்கும். ஆகப் பாக்டீரியா இல்லாத பெண்களின் வம்சம் மெதுவாகத் தேயும், உள்ள வம்சம் பெருகும். அதே தந்திரத்தைத்தான் கொசுத் திட்டம் பயன்படுத்துகிறது: விடுவது ஆண் கொசு, வெளியில் இருக்கும் பெண் கொசுவிடம் பாக்டீரியா இல்லை, முட்டை வீண்.

அந்தக் கொசுவிலிருந்து நம் சுவர்க்கோழிக்குத் தாவிவிடாதா?

விடுவது ஆண், ஆண் வழியாக அது கடத்தப்படாது, ஆண் கொசு கடிக்கவும் செய்யாது. பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வோல்பாக்கியா ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவியிருக்கிறது, உண்மைதான், ஆனால் அது உங்கள் பெட்டிக்கு வரும் கவலை இல்லை.

குடலில் நல்ல பாக்டீரியா உண்டா?

உண்டு, நிறைய. பின்குடலில் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் கொடுக்கும். காரட்டும் கீரையும் போட்டு வளர்த்தாலும் உடம்பு தேறுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

பெட்டியில் கூட்டமாகச் சாகின்றன. என்ன நோய்?

முதலில் ஈரத்தையும் நெரிசலையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். முட்டை அடுக்கும் அட்டைகளை இன்னும் சில வையுங்கள், எச்சத்தை அள்ளுங்கள், தண்ணீரை ஈரப்பஞ்சில் வையுங்கள்.

அதையும் மீறினால் வைரஸாக இருக்கலாம். வீட்டுச் சுவர்க்கோழி என்ற வெளிர்பழுப்பு இனத்தைத் தாக்கும் டென்சோவைரஸ் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளைச் சூறையாடியது, பலர் வேறு இனத்துக்கு மாறினார்கள். இன்னொன்று இரிடோவைரஸ், இது கொஞ்சம் விவகாரமானது. கனடாவில் ஷெல்லி அடாமோ குழு 2014இல் எழுதியது: இந்த வைரஸ் தொற்றிய சுவர்க்கோழி சோர்ந்து ஒதுங்குவதில்லை. ஆண் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே காதல் பாட்டைத் தொடங்குகிறது, பெண்ணிடம் முட்டையே இல்லை, ஆனாலும் சேர்கின்றன. சேர்ந்தால்தானே வைரஸ் பரவும். வெட்டிப் பார்த்தால் உள்ளே கொழுப்பு வீங்கி நீலமாக மின்னும். ஆக, ஆள் உற்சாகமாகப் பாடுகிறான் என்பதால் ஆரோக்கியமாக இருக்கிறான் என்று அர்த்தமில்லை. நீலம் தெரிந்தால் மொத்தப் பெட்டியையும் ஒழித்துவிட்டு, கழுவிக் காயவைத்து, புதிதாகத் தொடங்குவதே உத்தமம்.

கடிக்குமா? சாப்பிடலாமா?

பெரியது கையில் அகப்பட்டால் லேசாகக் கவ்வும், விஷமில்லை. சாப்பிடுவதென்றால், சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதி கொடுத்தது, சுவர்க்கோழியும் அதில் உண்டு. ஆனால் அது உணவுக்கென்றே வளர்த்தது, மீன் தீனிப் பெட்டியிலிருந்து எடுத்து வறுக்காதீர்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மிச்சமானதைப் பூங்காவில் விட்டுவிடலாமா? பாவமாக இருக்கிறது.

வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் விலங்குகளை விடுவது இங்கே குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், பெட்டியில் நெருக்கமாக வளர்ந்தது என்ன வைரஸைச் சுமக்கிறது என்று பார்த்தால் தெரியாது, வெளியே பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டாமே. மீன் அல்லது பறவை வளர்க்கும் யாருக்காவது கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். யாரும் கிடைக்காவிட்டால் மூடிய டப்பாவில் ஒரு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டு, குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதி வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் வேறு பிரச்சினை வரும்.